ஒரு பக்கத்து நரம்பு

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு ஓய்வு. எனக்கு அன்றைக்குத்தான் இடுப்பு விட்டுப்போகும். வாரமெல்லாம் சேர்ந்த அழுக்கையும் பிள்ளைகளின் ஈரத்துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே பீலிக்கு இறங்க வேண்டும். மலையிலிருந்து வருகிற தண்ணீரைத் தகரம் வளைத்து விழ விட்டிருப்பார்கள், அதுதான் பீலி. பொகவந்தலாவைக் குளிரில் அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தால் மண்டைக்குள்ளே வலிக்கும். அதற்குக் கீழே நின்றுதான் எங்கள் லயத்துப் பெண்கள் வாரத்துக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி உடம்பை ஒருத்தி நோட்டம் விட்டதும் அங்கேதான்.

பார்க்காத மாதிரியேதான் பார்ப்பார்கள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, சவுக்காரத்தைத் தேடுகிற சாக்கில் ஒரு பார்வை. எவளுக்குப் புருஷன் அடித்த தடிப்பு முதுகில் இருக்கிறது, எவளுக்கு வயிறு மேடிட்டிருக்கிறது, எல்லாம் அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மார்பில் நரம்பு ஓடுவதும் அப்படித்தான். பிள்ளை உண்டானால் மார்பில் பச்சையும் நீலமுமாக நரம்பு தெரியும். சிலருக்கு மசக்கை வாந்தி வருவதற்கு முன்னாலேயே தெரியும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பால் நரம்பு என்று பேர். பெரிய மனுஷி ஒருத்தி பால் நரம்பைப் பார்த்துச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், அதற்கு மேல் யாரையும் கேட்க மாட்டார்கள்.

இலங்கையில் எங்கள் சனங்களுக்கு ஓட்டு இல்லை என்று ஆக்கிச் சில வருஷம் போயிருந்த சமயம் அது. என் மூன்றாவது பிள்ளை கைப்பிள்ளை. என் கணவரின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி, அடுத்த காம்பராவில், சுவரை ஒட்டிய அறையில் இருந்தாள். அவள் கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பிள்ளை இல்லை. அவள் போகாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. தொட்டில் போடுகிற வீட்டுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டாள். என் மாமியாரோ டயகமவில் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறது என்று அவள் காதில் விழுகிற மாதிரியே பேச ஆரம்பித்திருந்தார். என் கொழுந்தன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அவள் பீலிக்குக் கீழே நின்று தலையை அலசிக்கொண்டிருந்தாள். நீளமான முடி. அதை முழுக்க இடது தோளில் முன்பக்கமாகப் போட்டிருந்தாள். மாமியார் துணி துவைத்த கையை அப்படியே நிறுத்தினார்.

"அடியே, இங்க திரும்பு. எங்க, நல்லாத் திரும்பு. ஆத்தாடி! பால் நரம்பு ஓடுதுடி இவளுக்கு! மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்டியா?"

பீலியில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வலது மார்பில், பாவாடை விளிம்புக்கு மேலே, நீல நரம்பு கிளை விட்டு ஓடியிருந்தது உண்மைதான்.

"தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு?" என்று மாமியார் கேட்டார்.

"ரெண்டு மாசமாச்சு அத்த. எனக்குத்தான் எப்பவுமே முன்னப் பின்ன வருமே" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. எனக்கே கண் கலங்கியது. ஈரத் துணியோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில், மாமியார் முன்னால் போய் நின்றார். "கங்காணியாரே, எங்க சின்ன மருமகளுக்கு ஓரத்து நெர குடுங்க" என்றார். கொழுந்து பறிக்க ஆளுக்கு ஒரு வரிசை கொடுப்பார்கள், அதுதான் நெர. ரோட்டோரமாக, சரிவில்லாமல் இருக்கிற நெரயைப் பிள்ளைத்தாச்சிக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் மலையில் வழக்கம். ஓரத்து நெர கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று மலைக்கே தெரியும். கங்காணி சிரித்துக்கொண்டே, "பாத்துப் போ தாயி" என்றார். பெண்கள் வழி விட்டார்கள். பத்து வருஷமாக எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருத்திகூட, "பாத்துப் போ தாயி, வழுக்கும்" என்று கையைப் பிடித்துவிட்டாள்.

அவளுடைய பழைய நெர பள்ளத்தில் இருந்தது. அது யார் தலையில் விழும்? என் தலையில்தான். கைப்பிள்ளைக்காரி நான், பால் கட்டி மார்பு கனக்க, கூடைக் கயிறு நெற்றியை அறுக்க, அந்தச் சறுக்கலில் ஏறி இறங்கினேன். பத்து மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பள்ளம். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் முழங்காலுக்கு அது தெரியவில்லையே. அவள் மேலே ரோட்டோரத்தில் நின்று, "அக்கா, மெதுவா வாக்கா" என்பாள். "ஆமாடி, மெதுவா வந்தா எங்கூடைய ஒன் மாமியாரா ரொப்புவாங்க?" என்பேன். சிரிப்பாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. மாமியார் மூத்த மருமகளை வேறு எதற்கு வைத்திருக்கிறார்? காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்புப் பக்கம் அவளை உட்காரவைத்து எண்ணெய் வைத்தேன். அன்றைக்குத்தான் அவளுடைய இரண்டு மார்பையும் சேர்த்துப் பார்த்தேன்.

இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு நரம்பு இல்லை. வலது பக்கத்தில் மட்டும் போன வாரத்தைவிடத் தடிப்பாக ஓடியிருந்தது. எனக்கு மூன்று பிள்ளை. மூன்று தடவையும் இரண்டு பக்கமும்தான் நரம்பு தெரிந்தது. பால் கொடுக்கிற இப்போதும் இரண்டு பக்கமும்தான் தெரிகிறது. முதுகுக்குத் தேய்க்கிறேன் என்று அவள் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கியதும் வலது மார்பில் கக்கத்துப் பக்கம் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு குழி விழுந்தது. எண்ணெய்க் கையால் அந்த இடத்தைத் தொட்டேன். கொட்டைப் பாக்கு மாதிரி ஒன்று இறுகிக்கிடந்தது, தள்ளினால் நகரவில்லை.

"இது எப்பலேருந்துடி இருக்கு?"

"தெரியலக்கா. மழைக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

"வலிக்குதா?"

"வலிக்கவே இல்ல. வலிச்சாத்தானே பயப்படணும்?"

வியாதியின் பேர் எனக்குத் தெரியாது. ஆனால் இது பிள்ளை உண்டான மார்பு இல்லை என்று மட்டும் தெரிந்தது. மசக்கையும் இல்லை அவளுக்கு. காலையில் எழுந்து ரொட்டியும் சம்பலும் நன்றாகத்தானே சாப்பிடுகிறாள். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? பளிச்சென்று சொல்லிவிட்டேன்.

"பால் நரம்புன்னா ரெண்டு பக்கமும் வரணும்டி. ஒனக்கு ஒரு பக்கந்தான் இருக்கு. இது எனக்கு நல்லாப் படல. மருத்துவச்சி மிஸ்ஸிகிட்ட காட்டிடுவோம்."

அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தபடியே மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒனக்கு மூணு இருக்குல்லக்கா. எனக்கு ஒண்ணு வர்றது பொறுக்கலையா ஒனக்கு?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். எண்ணெய்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் மேலே கூரை வரைக்கும் போகாத சுவர். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மாமியார் அவளுக்கு எலுமிச்சை ஊறுகாய் வாங்கிவந்து கொடுத்துக் கொஞ்சுவது எனக்குக் கேட்கும். எக்கேடோ கெட்டுப் போ என்று இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உடம்பு ஓய்ந்துபோய்க் கிடக்கிறபோது அடுத்தவளுக்காகச் சண்டை போடத் தெம்பு எங்கே இருக்கிறது? ஆனால் கண்ணை மூடினால் அந்தக் குழிதான் தெரிந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஐயா ஆண்பிள்ளை. காய்ச்சலுக்கும் பேதிக்கும் அவரிடம் போவோம், மார்பை யார் காட்டுவார்கள்? மருத்துவச்சி யாழ்ப்பாணத்து அம்மா. மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு அப்பப்போ வருவார். அவர் வந்த அன்றைக்கு மாமியாரே அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மிஸ்ஸி வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் டயகமச் சொந்தத்துக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாமே, அந்தப் பெருமை அவருக்கு. அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

மிஸ்ஸி அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். நான்தான் பொறுக்காமல், "மாரையும் பாருங்க மிஸ்ஸி" என்றேன். ஓரகத்தி என்னை முறைத்தாள். மிஸ்ஸி அவளை எழுந்து உட்காரச் சொன்னார்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ, பாப்பம்."

தூக்கினாள். மிஸ்ஸி வெகுநேரம் பார்த்தார். கட்டியைத் தொட்டார், கக்கத்துக்குள் விரலை வைத்துத் தடவினார், காம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீர் பால் குடுக்கிறனீர் எல்லோ? இஞ்ச வாரும்." என் சட்டையைத் திறக்கச் சொல்லி அவளுக்குக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ. இவவுக்கு ரெண்டு பக்கமும் நரம்பு தெரியுது. பிள்ளைத்தாச்சிக்கும் இப்பிடித்தான், பால் குடுக்கிற தாய்க்கும் இப்பிடித்தான். அந்த நேரம் ரத்தம் கனக்க ஓடும், அதாலதான் தெரியிறது. மெலிஞ்ச ஆக்களுக்கும் தோல் வெளிறின ஆக்களுக்கும் ஒண்டுமில்லாமலே தெரியும். அதுக்கெல்லாம் பயப்பிடத் தேவையில்லை. ஆனா ஒரு பக்கம் மட்டும் புதுசா நரம்பு கிளம்பி, உள்ளுக்க கட்டி தட்டுப்பட்டா, இல்லாட்டி தோல் குழி விழுந்தா, காம்பு உள்ளுக்க இழுபட்டா, காம்பால ரத்தம் கசிஞ்சா, வலி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடன வரவேணும். இது பெரியாஸ்பத்திரியில பாக்க வேண்டிய விஷயம். வாற திங்கக்கிழமை கண்டிக்குப் போங்கோ. நான் சொல்லி ஒழுங்கு செய்யிறன்."

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"அப்ப புள்ள?"

"பிள்ளை இல்லையம்மா" என்றார் மிஸ்ஸி.

திரும்பி வருகிற வழியில் அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன். லயம் தெரிகிற வளைவு வந்ததும் நின்றாள். அத்தனை நாளுக்கப்புறம் அப்போதுதான் என்னோடு பேசினாள்.

"அக்கா, லயத்துல சொல்லிடாத."

"சொல்லாம? திங்கக்கெழம எதுக்குக் கண்டிக்குப் போறேன்னு சொல்லுவ?"

"போறதுக்கு மொத நா சொல்லிக்கலாம். அது வரைக்கும் ஓரத்து நெரயில நிக்கிறேன்க்கா. எல்லாரும் என்னப் பாத்து, பாத்துப் போ தாயின்னு சொல்றாங்க. எங்கிட்ட யாரும் இதுவரைக்கும் அப்பிடிச் சொன்னதில்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். "உசுரு போற நேரத்துல ஒனக்கு நெர கேக்குதாடி?" என்று கத்தினேன். அவள் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். எப்படியும் திங்கட்கிழமைதான் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். மாமியார் கேட்டதற்கு, "மிஸ்ஸி பெறகு சொல்றேன்னாங்க" என்று ஒரு பொய். அந்தச் சில நாளும் நான் பள்ளத்தில் நின்று பறித்தேன். மேலே அவள் நிற்பது தெரியும். தாயி, தாயி என்று யாராவது கூப்பிடுவது கேட்கும். அவளும் ஒவ்வொரு தடவையும், "சரிங்க, சரிங்க" என்பாள். அந்த "சரிங்க" ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் குத்தியது. அதற்குப் பிறகு எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன், அந்த வாரத்துக் கூடை மாதிரி ஒன்று கனத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷனுக்கு நான்தான் சொன்னேன். அவன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு என் மேல் பாய்ந்தார்.

"நீதான்டி கண்ணு வச்ச! பள்ளத்துல நிக்கிறமேன்னு வயிறெரிஞ்சுதான்டி நின்ன!"

"ஆமா, என் கண்ணு பட்டுத்தான் கட்டி வந்துச்சு. ஒங்க கண்ணு நல்ல கண்ணுதானே? ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு ஊரக் கூட்டுனீங்களே, மறுபக்கத்த மறைச்சிருந்த முடிய ஒதுக்கிப் பாத்தீங்களா?"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. நானும் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். கடைசியில் கொழுந்தன்தான், "போதும்மா, விடு. டயகமப் பேச்சையும் இத்தோட விடு" என்றான். பத்து வருஷமாக வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

கண்டியில் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கையை மீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கொழுந்தன் வந்து சொன்னான். வெகு நாள் கழித்து அவள் திரும்பி வந்தபோது பாதி ஆளாகியிருந்தாள். நான் அவள் சட்டைக்குள் வலது பக்கத்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கொழுந்து பறிக்க வலது கை மேலே எழவில்லை. மிஸ்ஸி எடுத்துச் சொன்னதில் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டுகிற வேலை கொடுத்தார்கள். பிள்ளையில்லாதவளுக்கு அந்த வேலையா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவளோ மறுநாளே போய்த் தொட்டில் கயிற்றைப் பிடித்தாள். ஒருநாள் பத்து மணிக்குப் பால் கொடுக்க நான் ஓடியபோது, என் பிள்ளை பசி தாங்காமல் அவள் மார்பில் முட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கமும் ஒண்ணுமில்லடா, இந்தப் பக்கமும் ஒண்ணுமில்ல. ஒங்கம்மா வந்துட்டா பாரு" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் நீட்டினாள். நான் குனிந்து பால் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்டிக்குப் போய் வந்ததிலிருந்து மற்றவர்களோடு அவள் பீலிக்கு வருவதில்லை. எல்லோரும் போன பிறகு நானும் அவளும் மட்டும் போவோம். இரண்டு வருஷம் அப்படிப் போயிருக்கும். எனக்குத் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றுக்கே ஓடி ஓடிக் காலெலும்பு தேய்ந்துவிட்டது, இன்னொன்றா என்று நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றியது. தலையை அலசிக்கொண்டிருந்தேன். அவள் துணியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள். என் வலது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையால் என் ஈரமுடியை ஒதுக்கிவிட்டு இடது பக்கத்தையும் பார்த்தாள். விரலால் தொட்டுத் தடவினாள். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். கக்கத்தையும் விடவில்லை.

"ரெண்டு பக்கமும் இருக்குக்கா" என்றாள். "இது புள்ளதான்."

"எனக்கு வேணாம்டி. ஒடம்புல தெம்பில்ல எனக்கு" என்று அழுதுவிட்டேன். அவளிடம் போய் அதைச் சொல்கிறோமே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"வாய மூடு. தண்ணிக்குக் கீழ நிக்காத, சளி புடிக்கும்."

மறுநாள் விடியலில் நான் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனபோது அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். பிள்ளைக் காம்பராக்காரிக்குப் பெரட்டுக்கு வர வேண்டிய வேலையே இல்லை. எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். அவள் கங்காணி முன்னால் போய் நின்றாள்.

"எங்கக்காவுக்கு ஓரத்து நெர குடுங்க கங்காணியாரே."

கங்காணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழசெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மிஸ்ஸி பாத்தாச்சா?" என்றார்.

"நான் பாத்தேன்" என்றாள் அவள். "ரெண்டு பக்கமும் பாத்தேன்."